பிரித்த தையல்

திங்கட்கிழமை சாயங்காலம் ருக்மணி கம்பெனி வேனிலிருந்து இறங்கிச் சந்துக்குள் நுழைந்தபோது முனிலட்சுமி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அவளுக்காகவே காத்திருந்தாள். பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்த ஆறு வீட்டு லைனுக்கு அவள்தான் சொந்தக்காரி. வீட்டில் பேசுவது தெலுங்கு, வாடகைக்காரர்களிடம் தமிழ், பால்காரனிடம் சண்டை போடுவது மட்டும் கன்னடத்தில்.

"சங்கதி தெரியுமா ருக்மணி? உன் சிநேகிதி ஊரை விட்டே போறாளாம்."

"எந்த சிநேகிதி?"

"ஆமா, உனக்கு ஊரெல்லாம் சிநேகிதிங்க, எதுன்னு கேக்கறே. பேகம்தான். கோயம்புத்தூருக்கு. அவ வீட்டுக்காரரோட அண்ணன் அங்க பெரிய கடை வெச்சிருக்காராம், இலியாஸயும் வந்துருன்னு கூப்பிட்டுட்டாராம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு டெம்போ."

ருக்மணி சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"போகட்டும்" என்றாள்.

"போகட்டும்தான். உன் பரண் மேல அந்தப் பொந்த அஞ்சு வருஷமா கெடக்குதே, அதுவும் அப்பிடியே கெடக்கட்டுமா?"

பழைய துணிகளை அடுக்கடுக்காகப் போட்டுக் கையால் தைக்கும் போர்வையைத்தான் முனிலட்சுமி பொந்த என்பாள். அதை எப்படித் தைப்பது என்று அவர்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஒருத்தி இந்தக் கடைசியில் உட்கார வேண்டும், இன்னொருத்தி அந்தக் கடைசியில். வரி வரியாகத் தைத்துக்கொண்டே வந்து நடுவில் சேர வேண்டும். தனியாகத் தைத்தால் முடியாதா என்று ருக்மணி அப்போதே கேட்டாள். முடியும், ஆனால் யாரோடு பேசிக்கொண்டு தைப்பாய் என்றாள் முனிலட்சுமி.

இரண்டாயிரத்து இரண்டு டிசம்பரில், பேகமும் இதே லைனில் குடியிருந்தபோது ஆரம்பித்தது. அந்த வருஷம் ஓசூர்க் குளிரில் பேகத்தின் மகள் இரம் விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். பத்து வயசுப் பெண்ணுக்குக் கனமாக ஒரு போர்வை என்று பேச்செடுத்தது பேகம்தான். இரண்டு வீட்டுப் பழம்புடவைகளும் உள்ளே போயின. ருக்மணி ஒரு பக்கம், பேகம் ஒரு பக்கம். அதற்குள் பிப்ரவரியில், கிருஷ்ணகிரியில் இருந்த பேகத்தின் அம்மா இறந்துபோனாள். நாலாம் நாளே திரும்பி வந்த பேகம், அம்மா வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுவந்து தன் பக்கத்துப் பாதியின் மேல் விரித்தாள். சிவப்பு நூல் கோத்தாள். அதன் பிறகு தினமும் தைத்தாள். பேச மாட்டாள். ருக்மணி ஏதாவது கேட்டால், ஊசியை நிறுத்தாமல் "ம்" என்பாள்.

இறந்தவர்களுக்காக ஓதும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பேகம் மூன்று நாள் கிருஷ்ணகிரிக்குப் போனாள். அந்த மூன்று நாளில் ருக்மணி அந்தக் காரியத்தைச் செய்தாள்.

சிப்காட்டில் இருக்கும் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் ருக்மணி செக்கர். தைத்து முடித்த சட்டை மேஜைக்கு வரும். காலர், தோள், கை, பாக்கெட், ஓரம் என்று கண் ஒரே வழியில் ஓடும். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக இருக்கும் சட்டையைப் பற்றி அவள் எதுவும் நினைக்க வேண்டியதில்லை. அது தானாகக் கையை விட்டுப் போய்விடும். நாளெல்லாம் தப்பை மட்டும் பார்க்கும் கண்ணை வீட்டுக்கு வந்து கழற்றிவைக்க முடியவில்லை. பஸ்ஸில் முன்னால் நிற்பவனின் தோள் தையலைப் பார்ப்பாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் காலரைப் பார்ப்பாள். "எனக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எங்கம்மாகிட்டத் திருப்பி அனுப்பிரு" என்று அவள் புருஷன் மாதவன் கோவில்பட்டிப் பேச்சில் இழுப்பான்.

பேகம் தைத்த பக்கம் அவளை நாற்பது நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. வரி மேலே ஏறும், கீழே இறங்கும். ஒரு தையல் அரிசி நீளம், அடுத்தது விரல் நீளம். பேகம் ஊரில் இல்லாதபோது நேராகத் தைத்துவைத்தால் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்றுதான் ருக்மணி நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள் என்று இந்த ஐந்து வருஷமாகத் தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சிவப்பு நூல் முழுவதையும் பிரித்து, ஒரு மூலையில் இருந்த மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுக் கசக்கி, வெள்ளை நூலில் ஸ்கேல் வைத்தாற்போல் தைத்துமுடித்தாள். இருவரும் சேர்ந்து முடிக்க வேண்டிய நடுப்பகுதியை மட்டும் விட்டுவைத்தாள்.

திரும்பி வந்த பேகம் துப்பட்டியின் மேல் விரலை வைத்து ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை இழுத்துக்கொண்டே போனாள்.

"என் தையல் எங்க?"

"கோணலா இருந்துச்சு பேகம். அதான்."

பேகம் விரலை எடுத்துவிட்டு எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். இரண்டு மாதத்தில் ஜூஜுவாடிக்கு வீடு மாறிப் போய்விட்டாள். செக்போஸ்ட் பக்கத்தில் இலியாஸ் பெட்டி, பை ரிப்பேர் கடை வைத்திருப்பதால் அதுதான் வசதி என்று எல்லோரிடமும் சொன்னாள். ருக்மணியிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

*

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மாதவனை எழுப்பிப் பரண் மேல் ஏறச் சொன்னாள். அவன் தூசியில் தும்மிக்கொண்டே, சுருட்டிவைத்திருந்த போர்வையை இறக்கினான்.

"ஏன், இதுல இன்னும் தப்பு ஏதும் மிச்சமிருக்கா?"

"சும்மா இருங்க."

விரித்துப் பார்த்தாள். தன் பாதியும் நேர், பேகத்தின் பாதியும் நேர். யார் பார்த்தாலும் ஒரே ஆள் தைத்தது என்பார்கள். அவளுக்கே அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பேகத்தின் பாதியைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும். பேகத்தின் கை எப்படிப் போயிருந்ததோ அப்படியே. முடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். டெம்போ கிளம்பிவிட்டால் பிறகு இந்த ஜன்மத்தில் நடக்காது.

தன் வெள்ளை நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரிப்பது அவளுக்குப் பெரிய வேலையில்லை. ஒன்பது வருஷப் பழக்கம். ஒரு வரியை இரண்டு மூச்சில் உருவிவிடுவாள். பிரித்த இடத்தில் சிவப்பு நூலைக் கோத்துக்கொண்டு, பேகம் தைத்தாற்போல் கோணலாகத் தைக்க உட்கார்ந்தாள்.

வரவில்லை.

ஊசி போன வழியே நேராகப் போயிற்று. வேண்டுமென்றே வளைத்தால், அந்த வளைவும் ஒரே அளவாக, கோலத்தில் வைத்த நெளிபோல் அழகாக வந்தது. பிரித்தாள். மறுபடி தைத்தாள். ஒரு தையல் சின்னது, ஒரு தையல் பெரியது என்று மாற்றி மாற்றிப் போட்டால், சின்னது பெரியது சின்னது பெரியது என்று அதிலும் ஓர் ஒழுங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வேன் ஹாரன் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

புதன்கிழமை இடது கையால் தைத்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தைத்ததில் கட்டைவிரல் நகக்கண்ணில் ஊசி ஏறியதுதான் மிச்சம். இடது கைத் தையல் கோணலாக வந்தது, வாஸ்தவம். ஆனால் அது குடிக்காதவன் தள்ளாடி நடித்துக் காட்டுவதுபோல் இருந்தது. பேகத்தின் கோணல் அப்படி இல்லை. அது எப்படி இருந்தது? நாற்பது நாள் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கோணல் என்பது மட்டும்தான் நினைவில் நின்றது. தப்பு இருக்கிறது என்று பார்த்திருக்கிறாளே தவிர, தையலைப் பார்க்கவில்லை.

மாதவன் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றான்.

"வாயால சொன்னாத் தீந்துபோற விஷயம். அதுக்கு எதுக்கு இம்புட்டு நூலு?"

"என்ன சொல்லணும்?"

"தப்புப் பண்ணிட்டேன்னு. இன்னும் ஒரு வார்த்தை கூடுதலா வந்தா 'மன்னிச்சிரு'ன்னு."

"உங்களுக்கு எல்லாம் ஈசி."

"எனக்கென்ன, நான் உன்கிட்டத் தெனமும் சொல்றேன். பழகிப்போச்சு."

அவள் சிரிக்கவில்லை. அவன் சொன்னது சரி என்பதுதான் எரிச்சலை இன்னும் ஏற்றியது. அந்தச் சொல் வாய்க்குள் வந்து நிற்பதைப் பலமுறை உணர்ந்திருக்கிறாள். ஜூஜுவாடி பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் வந்து நிற்கும். ஏறி, இறங்கி, கதவைத் தட்டி, அதைச் சொல்வதை விட, ஒரு பாதிப் போர்வையைப் பிரித்துத் தைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. சொன்னால் பேகம் என்ன பதில் சொல்வாள் என்று தெரியாது. தையலில் அந்தப் பயம் இல்லை. தையல் சரியாக இருந்துவிட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அன்றைக்குக் கம்பெனியில் ஒரு சட்டை வந்தது. பாக்கெட் தையல் ஓர் ஓரத்தில் லேசாக மேலே ஏறி, மறுபடி இறங்கிச் சேர்ந்திருந்தது. தைத்தவள் அந்த இடத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தாளோ என்று ருக்மணிக்கு முதல்முறையாகத் தோன்றியது. தோன்றிய பிறகும் அம்பு ஸ்டிக்கரை ஒட்டித்தான் அனுப்பினாள். பின்னே என்ன செய்வது?

மதிய இடைவேளையில் லைன் சூப்பர்வைசர் தங்கமணியிடம் போய் நின்றாள்.

"வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் லீவு வேணும் மேடம்."

"ஷிப்மெண்ட்ட வெச்சுக்கிட்டா? கல்யாணமா, காரியமா?"

"ரெண்டும் இல்ல. தெரிஞ்சவங்க ஊரை விட்டுப் போறாங்க."

"போறவங்க போகப் போறாங்க. நீ என்ன, அவங்க வண்டிய ஓட்டப் போறியா?"

பக்கத்து மேஜைப் பெண்கள் சிரித்தார்கள். ருக்மணி திரும்பி வந்து அடுத்த சட்டையை எடுத்தாள்.

*

வியாழக்கிழமை காலை, மடித்து மடித்துக் கசங்கிய துப்பட்டியை நீவிவிடலாம் என்று மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனாள். பனி விலகி அப்போதுதான் வெயில் சரிவாக விழுந்துகொண்டிருந்தது. வெறும் வெள்ளையாகக் கிடந்த துணியில் ஏதோ பொரிந்தாற்போல் தெரிந்தது. குனிந்தாள். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு இன்னும் குனிந்தாள்.

வெளிறிய ரோஜா நிறத்தில் புள்ளிகள். இரண்டிரண்டாக. ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஊசி போன சின்ன ஓட்டை. பேகம் வாங்கிய மட்டமான சிவப்பு நூல், கை ஈரத்திலும் மூக்கைத் துடைத்த ஈரத்திலும் சாயம் விட்டிருக்கிறது. நூலைத்தான் ருக்மணி உருவியிருந்தாள். வழி அப்படியே இருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். இரண்டு நாளை வீணாக்கிவிட்டோமே என்ற கோபம். ஒன்பது வருஷமாகத் துணியைப் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு இது கண்ணில் படவில்லையே என்ற கோபம். அதற்குப் பிறகுதான் ஊசியைக் கோத்தாள்.

ஓட்டை ஓட்டையாகத் தைத்துக்கொண்டு போவது நேராகத் தைப்பதை விடப் பாடாக இருந்தது. ஒரு புள்ளிக்கு அடுத்த புள்ளி எங்கே என்று தேட வேண்டும். சில இடத்தில் நாலைந்து குட்டித் தையல் நெருக்கமாக ஒரே இடத்தில் நின்றிருக்கும். பிறகு ஒரு நீளத் தையல் தாவியிருக்கும். சில வரிகள் பாதியில் கீழே இறங்கிப் பக்கத்து வரியோடு ஒட்டிக்கொண்டு ஓடின. ஒரு வரி முடிவதற்குள் ருக்மணிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. என்ன கை இது, கொஞ்சமாவது பார்த்துத் தைத்திருக்கக் கூடாதா என்று முணுமுணுத்தாள். முணுமுணுத்த பிறகு, பார்த்துத் தைக்கிற நிலையிலா இருந்தாள் என்று நினைத்தாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியனுப்பிவிட்டு வேலைக்குப் போகவில்லை. தங்கமணியின் நம்பர் செல்லில் ஏழு தரம் அடித்து அடங்கியது. மாதவன் உப்புமாவை அடிப்பிடிக்கவிட்டு, அதை ருசியாக இருக்கிறது என்று சாதித்தான். துணி அடுக்கின் கனத்தில் இரண்டு ஊசிகள் முறிந்தன. சாயங்காலத்துக்குள் துப்பட்டியில் முக்கால் பாகம் முடிந்தது. சனிக்கிழமை போகாமல் தீராது. போய்த் தங்கமணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஓவர்டைம் பார்க்காமல் திரும்பி வந்து மீதி வரிகளையும் நடுப்பகுதியையும் தைத்தாள்.

அங்கேதான் அடுத்த தொல்லை. நேராக, இறுக்கமாக வந்த அவளுடைய பாதியும், அலைந்து அலைந்து வந்த பேகத்தின் பாதியும் சேரும் இடத்தில் துணி உப்பிக்கொண்டது. நடுப் போர்வையில் ஒரு தலையணை செருகியதுபோல் புடைப்பு. கையால் அமுக்கினால் இங்கே அமுங்கி அங்கே எழுந்தது. அதைச் சரிசெய்ய ஒரே வழிதான் உண்டு: ஒரு பாதியைப் பிரிக்க வேண்டும். தன் பாதியைப் பிரிக்க நேரமில்லை. பேகத்தின் பாதியை இனிமேல் அவள் தொட மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு புடைப்போடு சேர்த்தே தைத்தாள்.

மிச்சம் ஒரு மூலை. ஒரு சாண் அகலம் இருக்கும். அங்கே எந்தப் புள்ளியும் இல்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள், ஈரக் கையால் தடவிப் பார்த்தாள். இல்லை. அன்றைக்குச் சோப்புப் போட்டுக் கசக்கிய மூலை அது. கறையோடு சேர்ந்து எல்லாம் போயிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போர்வையைக் கட்டப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பும்போது முனிலட்சுமி ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒரு பிடி ராகி. கடைசி மூலைய மூடறதுக்கு முன்னாடி உள்ள போட்டுறணும். வயிறு காலியா இருக்கற பொந்த குளிரத் தாங்காது. எங்க வீட்ல போடாம மூடினதே இல்ல."

"சரிக்கா."

"மறந்துடாதே."

"நான் எதையாவது மறந்திருக்கேனா?"

"அதுவும் சரிதான். மறந்திருந்தா நல்லாருந்திருக்கும், அஞ்சு வருஷம் முன்னாடி."

ஜூஜுவாடிக்கு முன்பே லாரிகள் வரிசை கட்டி நின்றன. பஸ் ஊர்ந்தது. ஒன்பதரை ஆகிவிட்டது. கண்டக்டரிடம் இரண்டு தரம் எரிந்து விழுந்து, கடைசியில் ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

டெம்போவில் பீரோவும் கட்டிலும் ஏறிவிட்டிருந்தன. இலியாஸ் மேலே நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கயிற்றை விடாமலேயே, "வாங்க" என்றார். வாசலில் உயரமாக ஒரு பெண் நின்றாள். இரம் என்று தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஆன்ட்டி" என்றாள் அவள். முன்பெல்லாம் அத்தை என்பாள்.

பேகம் வெறும் வீட்டின் நடுவில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. ருக்மணி பையிலிருந்து போர்வையை இழுத்துத் தரையில் விரித்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் பஸ்ஸிலேயே தீர்ந்துபோயிருந்தது.

பேகம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். துப்பட்டியின் மேல் விரலை வைத்தாள். வரியின் மேல் விரல் போயிற்று. ஏறியது, இறங்கியது, நின்றது.

"இது எப்பிடி?"

"ஓட்டை இருந்துச்சு. சாயமும். அது மேலயே தச்சேன்."

பேகம் இன்னொரு வரியைத் தடவினாள். இன்னொன்றை. ருக்மணி தன் வேலையை யாரோ மேஜையில் போட்டுச் செக் பண்ணுவதைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வழி என்னுதுதான்" என்றாள் பேகம். "இழுப்பு உன்னுது. எங்கம்மா மவுத்தானப்போ எனக்கு இவ்ளோ இறுக்கி இழுக்கக் கையில எங்க பெலம் இருந்துச்சு?"

ருக்மணிக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம் வந்தது. ஐந்து நாள், முறிந்த இரண்டு ஊசி, போன ஒரு நாள் சம்பளம். இதற்கு மேல் இவளுக்கு என்னதான் செய்வது? கூடவே, பேகம் சொல்வது சரி என்றும் தெரிந்தது. நூலை இழுத்த இடத்தில் துணி சுருங்கியிருந்தது. அவள் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா?

"அது... அன்னிக்கு நான் கோணலா இருந்துச்சுன்னு சொன்னேன்ல. கோணல் இல்ல பேகம். நான்தான்..."

"கோணலாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியாதா? அதுக்கென்ன இப்ப?"

ருக்மணிக்கு மாதவன் சொல்லச் சொன்னது ஞாபகம் வந்தது. பெரிய மூச்சு எடுத்து, "தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். குரல் யாரையோ திட்டுவதுபோல் வந்தது.

"ம்" என்றாள் பேகம்.

கடைசி மூலைக்கு விரல் வந்து நின்றது.

"இங்க ஏன் விட்டே?"

"தடம் இல்ல. அன்னிக்குக் கறைன்னு துவைச்சுட்டேன்."

"இங்கதான் ஆரம்பிச்சேன். வந்த மறுநாளு." பேகம் துணியை மடித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். "கறையாம். அது கறையில்ல. அம்மாவோட மஞ்சப்பொடி கை."

வெளியே இலியாஸ் கூப்பிட்டார். "என்னம்மா, டிரைவர் கத்தறாரு!"

"கத்தட்டும். கால் மணி நேரம்."

"கால் மணியா? என்ன பண்ணப் போறே?"

"தைக்கப் போறேன்!"

பேகம் கையை நீட்டினாள். ருக்மணி ஊசியில் சிவப்பு நூலைக் கோத்துக் கொடுத்தாள். பேகம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கவே இல்லை. ஒரு குத்து குத்தி ஆரம்பித்தாள். முதல் தையலே வரியை விட்டு அரை விரல் தள்ளி விழுந்தது. ருக்மணியின் கை தன்னால் முன்னே நகர்ந்தது.

"கைய எடு."

எடுத்தாள். அப்போதும் நம்ப முடியாமல், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த தையல் நீளம். அடுத்தது அதைவிட நீளம். நூல் தொளதொளவென்று வளைந்து நின்றது. ஒரு குழந்தை விரலை விட்டால் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தையலுக்கும் ருக்மணிக்குப் பின்கழுத்தில் யாரோ கிள்ளுவதுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தாள். மூடவில்லை. இந்தத் தடவை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. பேகம் நாலு தையல் போட்டுவிட்டு நூலை நீவுவாள். நீவும்போது துணி நகரும். நகர்ந்த இடத்திலிருந்தே அடுத்ததைக் குத்துவாள். அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் வரி ஏறி இறங்கியிருக்கிறது. ஐந்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான்.

பேகம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்து நின்று போர்வையை உதறித் தூரத்திலிருந்து பார்த்தாள். நடுவில் புடைப்பு எழுந்து நின்றது. ருக்மணி அதைப் பார்ப்பதைப் பேகம் பார்த்தாள்.

"என்ன, கையில ஸ்டிக்கர் வெச்சிருக்கியா?"

"இல்ல."

"இருந்தா ஒட்டியிருப்பே."

ருக்மணி புடைப்பை இன்னொரு தரம் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

பேகத்தின் மூக்கு நுனி விரிந்தது. சிரிப்பு வரும்போது அவளுக்கு அப்படித்தான் முதலில் ஆகும். ஆனால் சிரிப்பு வெளியே வரவில்லை. போர்வையை நாலாக மடித்தாள், புடைப்பு உள்ளே போகும்படி.

"போனது போனதுதான் ருக்கு. இது அது இல்ல. அத மட்டும் மனசுல வெச்சுக்க" என்றாள். டெம்போவின் பின்னால் இடம் இருந்தும் அங்கே போடவில்லை. முன்சீட்டில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டாள்.

இரம் ஓடிவந்து ருக்மணியின் செல்லை வாங்கி ஒரு நம்பரை ஏற்றிக் கொடுத்தாள். "கோயம்புத்தூர் நம்பர், ஆன்ட்டி. அம்மாகிட்டத்தான் இருக்கும்."

டெம்போ செக்போஸ்ட் கூட்டத்துக்குள் புகுந்து, ஓசூர்ப் பக்கம் திரும்பி மறைந்தது. பேகம் திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை; பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு லாரியின் நிழல்தான் விழுந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டது.

ராகி.

வயிறு காலியாகவே மூடியாகிவிட்டது. காலரிலிருந்து ஓரம்வரை ஒன்றுகூட விடாமல் பார்க்கிறவள், மறந்துடாதே என்று வாசலில் நின்று சொல்லியனுப்பியும், ஒரு பிடி தானியத்தை மறந்திருக்கிறாள். எரிச்சலில் பொட்டலத்தை இறுக்கினாள். காகிதம் கிழிந்து நாலைந்து மணிகள் மடியில் உருண்டன. முனிலட்சுமி கேட்பாள். என்ன சொல்வது?

ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று உடனே தோன்றியது. டெம்போ கிருஷ்ணகிரியைக்கூடத் தாண்டியிருக்காது. ராகி எங்கே கிடைக்காது? போன் பண்ணி, அந்தக் கடைசி மூலையை மட்டும் கொஞ்சம்...

செல்லை எடுத்தாள். நம்பர் வந்தது. பச்சைப் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தாள். ஊசி ஏறிய இடம் இன்னும் வலித்தது. மூலையைக் கொஞ்சம் என்பதற்கு அடுத்து வரவேண்டிய வார்த்தையை நினைத்துப் பார்த்தாள். பிரி. பேகத்திடம் அவள் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதுவும் இன்றைக்கு.

விரலை எடுத்தாள். நம்பர் கொஞ்ச நேரம் வெளிச்சமாக நின்று அணைந்தது.

மடியில் கிடந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிழிந்த காகிதத்தில் போட்டு மடித்துக்கொண்டாள். ஒன்று சீட்டு இடுக்கில் விழுந்துவிட்டது. குனிந்து பார்த்தாள், தெரிந்தது, எட்டவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரும்வரை விரல் நுனியால் அதைத் துழாவிக்கொண்டே வந்தாள்.